பன்னிரண்டு தொட்டிகளும் ஒரு பொசமும்

ஒரு மனிதன் களைத்துப்போவதற்குப் பெரிய காரணங்கள் தேவையில்லை. கூட்டத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு பேனை இருந்தால் போதும். எங்கள் தெருக் கடைக்காரர் சங்கத்தின் முதலாவது கூட்டத்தில், "ஆரிட்டையாவது பேனை இருக்கோ?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். பேனையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். "அப்ப நீரே எழுதும் தம்பி" என்றார்கள். எழுதினேன். கூட்டம் முடிந்து எழும்பியபோது நான் செயலாளர்.

(இதைக் கேட்பவர்கள், "மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாமே" என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒருநாளும் தமிழ்ச் சங்கம் எதிலும் இருந்ததில்லை என்பது என் அனுமானம்.)

சிட்னியின் மேற்கே டூங்கபியில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிறது எங்கள் தெரு. என்னுடையது சாறிக் கடை. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் தையல். தையல் என் மனைவி வதனியின் பொறுப்பு. அதாவது அவள் உழைப்பாள், நான் வருகிறவர்களோடு கதைப்பேன். பக்கத்தில் பரமேஸ் அண்ணையின் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி. அவர்தான் சங்கத் தலைவர். அதற்கு அடுத்தது தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரர் செந்திலின் போன் திருத்தும் கடை. எதிரே, லின் என்ற வியட்நாமியப் பெண்ணின் பேக்கரி. தெருவில் இன்னும் எட்டுக் கடைகள் உண்டு. ஆனால் கூட்டத்துக்கு வருவது நாங்கள் நாலு பேர்தான். மற்றவர்கள் புத்திசாலிகள்.

கவுன்சிலின் ஏற்பாடு இதுதான். ஒரு தெருவிலுள்ள கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு வருடம் ஊருக்குப் பயன்படும் வேலைகளைச் செய்ய வேண்டும். வருட முடிவில் ஒரு அதிகாரி வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால், அந்தத் தெருவுக்கென்று சம்பளத்துக்கு ஒரு இணைப்பாளரைக் கவுன்சில் நியமிக்கும். கூட்டங்களை அவர் கூட்டுவார், கடிதங்களை அவர் எழுதுவார், கடைக்காரர்கள் தங்கள் கடைகளைப் பார்க்கலாம். மற்ற மூவரும் இந்தத் திட்டத்தில் தெருவின் எதிர்காலத்தைக் கண்டார்கள். எனக்குக் கண்ணில் பட்டது அந்தக் கடைசி வசனம் மட்டும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டால், சங்கத்தின் கடிதக் கோப்பை அந்தப் புண்ணியவானின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"ஒரு வருசம்தான்" என்று வதனியிடம் சொன்னேன்.

அவள் யாரோ ஒருத்தியின் கலியாணச் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். வாயில் நாலு குண்டூசி. "ம்" என்றாள். குண்டூசி வாயில் இருக்கும்போது அவள் சொல்கிற "ம்" சம்மதம் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதமாதிரி நடந்துகொண்டேன்.

அந்த ஒரு வருடத்தில் நாங்கள் செய்த தொண்டுகளைச் சொன்னால் உங்களுக்கும் களைப்பு வரும். செந்திலின் கடைக்குப் பின்சுவரில் யாரோ ஒவ்வொரு கிழமையும் பெயின்டால் கிறுக்கிவிட்டுப் போவார்கள். சனிக்கிழமை காலையில் நாங்கள் பிரஷ் வைத்துத் தேய்த்துக் கழுவுவோம். அடுத்த சனிக்கிழமை திரும்பவும் கிறுக்கல் இருக்கும், முந்தியதைவிடப் பெரிதாக. கொஞ்ச நாளில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் கலைஞருக்குச் சுத்தமான சுவர் தேவைப்படுகிறது, அதை நாங்கள் தவறாமல் ஏற்பாடு செய்துகொடுக்கிறோம்.

பிறகு வாங்கு, அதாவது பெஞ்ச். வயதானவர்கள் இருந்து களைப்பாற ஒரு வாங்கு போட்டுத் தருகிறோம், இடத்தை நீங்களே தீர்மானியுங்கள் என்றது கவுன்சில். மூன்று கூட்டங்கள் போயின. வயதானவர்களுக்கு வாங்கு அவசியம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அது மற்றவரின் கடை வாசலில் இருக்க வேண்டும் என்பதிலும் ஒரே கருத்து. "உம்மட வாசலில போட்டால் சனம் சாறியைப் பாத்துக்கொண்டிருக்கும் தம்பி" என்றார் பரமேஸ் அண்ணை. "உங்கட வாசலில போட்டால் உங்கட மாணவர்கள் ரிவேர்ஸ் எடுக்கேக்கை இடிச்சுப் போடுவாங்கள் எண்டு பயப்பிடுறியளோ அண்ணை?" என்று கேட்டேன். இரண்டு கிழமை அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு கிழமைதான் அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஓய்வு.

எல்லா வேலையும் சனிக்கிழமைதான். எங்கள் கடையில் அதிகம் ஆள் வருகிறதும் சனிக்கிழமைதான். கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று எல்லோருக்கும் சனிக்கிழமைதான் சட்டை இறுக்கமாகிறது. ஒரு நாள், சுவர் தேய்த்து முடித்துவிட்டு, முழங்கை வரை பெயின்டோடு இரண்டு மணிக்குக் கடைக்கு வந்தேன். வதனி கழுத்தில் அளவு நாடாவோடு நின்றுகொண்டிருந்தாள். முன்னால் ஆறு பேர். மேசையில் காலையில் ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறிப்போய் ஆடை படர்ந்து கிடந்தது. ஆட்கள் போன பிறகு ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"நீங்கள் ஊருக்கு வாங்கு போடுறியள். நான் இஞ்சை காலமை துவக்கம் ஒரு கதிரையில இருக்கேல்லை."

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருக்கலாம். அவள் சாதாரணமாகச் சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தது. "இன்னும் அஞ்சு மாசம்தான், இணைப்பாளர் வந்திடுவார்" என்றேன். அந்த இணைப்பாளரை நான் ஒரு நாளும் கண்டதில்லை, ஆனால் அந்த நாட்களில் சாமி அறையில் நிற்கும்போது அவருக்காகத்தான் அதிகம் கும்பிட்டேன்.

இனித் தொட்டிகள். நடைபாதை ஓரத்தில், கடைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு பெரிய மரத் தொட்டிகளைக் கவுன்சில் வைத்தது. முதலில் அதில் நட்டது இந்த நாட்டுப் புல்வகை. தண்ணீரே கேட்காத செடி, வெயிலில் விட்டாலும் நிற்கும் என்று சொல்லித் தந்தார்கள். எங்களுடைய ஆட்கள் கடை திறக்கும்போது வாசலுக்குத் தண்ணி தெளிக்கிற ஆட்கள். தெளித்து மிஞ்சியதைத் தொட்டியில் ஊற்றினார்கள். பூட்டும்போது இன்னொரு வாளி. போகிற வருகிற அங்கிள்மார் கையிலிருக்கும் போத்தல் தண்ணியில் மிச்சத்தை ஊற்றினார்கள், பாவம் வாயில்லாச் சீவன் என்று. ஆறு கிழமையில் பன்னிரண்டும் அழுகிச் செத்தன. வறட்சியைத் தாங்கும் செடியை மூழ்கடித்துக் கொன்ற ஒரே தெரு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அப்போது பரமேஸ் அண்ணை எழும்பி, "எங்கட ஆக்களுக்கு வளக்கத் தெரிஞ்சதை வைப்பம்" என்றார். கறிவேப்பிலை. நாலு பேரும் கையைத் தூக்கினோம். நான் கவுன்சிலுக்குப் பதினொரு கடிதம் எழுதினேன். சாப்பிடக்கூடிய செடிகளைத் தெருவில் வைத்துப் பார்க்கும் பரிசோதனை என்று ஏதோ ஒரு பிரிவின்கீழ் அனுமதி வந்தது.

கன்றுகள் வந்தன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், செழித்தன. கோடையில் இடுப்பளவு உயரம். கடும் பச்சை. பக்கத்தால் போனால் வாசம். ரயிலால் இறங்கி வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிட்னியில் ஒரு தமிழ் வீட்டுக்காரர் தன் கறிவேப்பிலை மரத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். குளிருக்குப் போர்த்து, வெயிலுக்கு நகர்த்தி, விருந்தாளி வந்தால் காட்டி, கேட்டால் மட்டும் ரெண்டு நெட்டு முறித்துக் கொடுப்பார். அப்படிப் பன்னிரண்டு, பூட்டில்லாமல், தெருவில். ஊரார் அவ்வப்போது ஒரு நெட்டு இணுங்கிக்கொண்டு போனார்கள்தான். அதற்கு நான் ஒரு படம் போட்ட அட்டை அடித்து, செடியின் பெயரும் இலையின் படமும் போட்டு, "தேவைக்கு மட்டும் எடுக்கவும்" என்று எழுதி லமினேட் பண்ணி ஒவ்வொரு தொட்டிக்கும் கட்டுவதாகத் திட்டம். அந்தத் திட்டத்தில்தான் வினை இருந்தது.

அதிகாரி வரும் நாள் குளிர்காலக் கடைசியில், ஒரு சனிக்கிழமை பதினொரு மணி என்று கடிதம் வந்தது. பெயர் ஹெலன். தொட்டிகளைத்தான் முக்கியமாகப் பார்க்க வருவதாக எழுதியிருந்தார். கூட்டத்தில் கடிதத்தை வாசித்தேன். "அப்ப சாப்பாடு ஆர் ஆர் என்ன கொண்டாறது?" என்று பரமேஸ் அண்ணை கேட்டார். ஹெலன் சாப்பாடு கேட்கவில்லையே என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒரு மனுசி பதினொரு மணிக்கு வந்து வேலை பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு போவதா? பரமேஸ் அண்ணை வீட்டில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். செந்தில் வீட்டில் சாம்பாரும் லெமன் சாதமும். லின் பேக்கரியிலிருந்து பணிஸ், அதுதான் பன். எங்கள் வீட்டில் உளுந்து வடையும் உருளைக்கிழங்குப் பிரட்டலும்.

வெள்ளிக்கிழமை வதனி எனக்கு ஒரே ஒரு வேலை தந்தாள். "வரேக்கை கறிவேப்பிலை ரெண்டு பக்கற் வேண்டியாங்கோ." நான் அன்று முழுவதும் அந்த அட்டைகளை வெட்டி லமினேட் பண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு கறிவேப்பிலைப் படங்களைப் பார்த்துக்கொண்டே கறிவேப்பிலை வாங்க மறந்தவன் நான்.

சனிக்கிழமை விடியற்காலை ஆறு மணிக்கு அவள் குசினியில் நின்று கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரம் எந்தக் கடையும் திறந்திருக்காது. "காரில கிடக்குது, எடுத்துக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் காரையே எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன்.

என் கடை வாசல் தொட்டியில் வெட்ட மனம் வரவில்லை. நான் பார்த்துப் பார்த்து வளர்த்தது. அதோடு, அதிகாரி கேட்டால் செயலாளர் வாசலில் குறை இருக்கக் கூடாது. ஆகவே பரமேஸ் அண்ணையின் வாசலில் கொஞ்சம் வெட்டினேன். ஒரே மரத்தை வதைக்கக் கூடாது என்ற இரக்கத்தில் அடுத்த தொட்டியில் கொஞ்சம், அதற்கடுத்ததில் கொஞ்சம். இருட்டு. கண்ணாடி போடவில்லை. இலை குறைவாக இருக்கிறதே என்று ஒரு யோசனை வந்தது. குளிர்காலம்தானே என்று அதற்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு வடைச் சட்டியைக் கொண்டுபோய்ப் பரமேஸ் அண்ணையின் வகுப்பறையில் வைத்துவிட்டு, அட்டைகளைக் கட்ட வெளியே வந்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கண்ணாடியும் போட்டிருந்தேன்.

பன்னிரண்டு தொட்டிகளிலும் பன்னிரண்டு தடிகள் நின்றன. உச்சியில் ஒன்றிரண்டு இலை. என் வாசல் தொட்டிதான் ஆக மோசம், ஒன்றுமே இல்லை, மொட்டை. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. ஈவிரக்கமில்லாத ஆர் இந்த வேலையைச் செய்தது என்று மனதாரக் கொதித்தேன். விடியற்காலை கத்தரிக்கோலோடு நான் நின்றது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை. ஒரு அரை நிமிடம் கழித்துத்தான் வந்தது. வந்த பிறகும், நான் வெட்டியது கொஞ்சம்தானே என்றுதான் பட்டது.

பரமேஸ் அண்ணை வெளியே வந்து பார்த்தார். செந்தில் வந்தார். லின் தெருவைக் கடந்து வந்தார். நாலு பேரும் வரிசையாக நின்று தடிகளைப் பார்த்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"என்னண்ணா இது, யாரோ மொத்தமா உருவிட்டுப் போயிட்டாங்களே" என்றார் செந்தில், தொட்டியைப் பார்த்தபடி.

"மனுசர் செய்யமாட்டினம்" என்றார் பரமேஸ் அண்ணை. "இது பொசம்."

பொசம் என்பது இந்த நாட்டில் கூரைகளுக்குள் குடியிருந்துகொண்டு, இரவில் இறங்கி மரங்களை மேயும் ஒரு பிராணி. பூனை அளவு இருக்கும். சட்டம் அதைப் பாதுகாக்கிறது, ஆகவே அதன்மேல் எந்தப் பழியையும் தைரியமாகப் போடலாம். செந்திலும் லின்னும் உடனே தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எல்லோரும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்ட தீர்மானம் அந்த வருடத்தில் வேறு எதுவும் இல்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அந்த நேரம் நான் பயந்தது அதிகாரிக்கு இல்லை. திருப்தி இல்லை என்று ஹெலன் எழுதினால் இணைப்பாளர் வரமாட்டார். இணைப்பாளர் வராவிட்டால் கோப்பு என்னிடம். இன்னொரு வருடம், இன்னும் ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள். வதனியிடம் இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

ஹெலன் சரியாகப் பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நடக்கிறதற்கான சப்பாத்து, கையில் ஒரு குறிப்புப் புத்தகம். நான் கோப்பைத் திறந்து, கோடையில் எடுத்த பச்சைப் பசேல் படங்களைக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"என்ன நடந்தது?" என்று கேட்டார். (எல்லாம் இங்கிலீசில்தான்.)

"பொசம், மேடம்" என்றார் பரமேஸ் அண்ணை.

ஹெலன் குனிந்து ஒரு கொப்பைப் பிடித்துப் பார்த்தார். "கத்தரிக்கோலால் வெட்டியதுபோல இருக்கிறதே. பொசம் கடித்தால் பிய்ந்துபோய் இருக்கும்."

"இந்தப் பக்கத்துப் பொசம் நல்ல துப்புரவான சாதி, மேடம்."

நான் கோப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஹெலன் பன்னிரண்டு தொட்டிகளையும் போனில் படம் எடுத்தார். காட்டு விலங்குப் பிரிவுக்கு அனுப்பப்போவதாகவும், ஆள் வந்து கூரைகளைப் பார்ப்பார்கள் என்றும் சொன்னார். பொய் சொன்னால் இப்படித்தான், அது கூரைவரை ஏறும். செந்தில் ஓடிப்போய் வகுப்பறைக் கதவைத் திறந்தார். "முதல்ல சாப்பிடலாம் மேடம்" என்றார்.

பரமேஸ் அண்ணையின் வகுப்பறைச் சுவர் முழுவதும் வீதிச் சமிக்ஞைப் படங்கள். ஹெலனை "நில்" என்ற சிவப்புப் பலகைக்குக் கீழே, நல்ல கதிரையில் இருத்தினோம். வதனி கடையைப் பத்து நிமிடம் பூட்டிவிட்டு வந்து பரிமாறினாள். ஹெலன் விருப்பப்பட்டுச் சாப்பிட்டார். கத்தரிக்காய் இரண்டாம்தரம் கேட்டார். வடையைத் தின்றுவிட்டு அதற்கு என்ன பெயர் என்று எழுதிக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வயிறு நிறைந்த அதிகாரி கெடுதல் எழுதமாட்டார் என்ற நம்பிக்கை எங்கள் இரத்தத்தில் ஊறியது.

அப்போதுதான் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கவனித்தேன். நாங்கள் சாப்பிடும்போது கறிவேப்பிலையை என்ன செய்வோம்? விரலால் தள்ளி ஓரத்தில் ஒதுக்குவோம். வாசத்துக்குப் போடுவது, தின்பதற்கு இல்லை. யோசிக்காமலே கை செய்கிற வேலை அது. எங்கள் நாலு பேரின் கோப்பை ஓரத்திலும் ஒவ்வொரு சிறு பச்சைக் குவியல். ஹெலன் எங்களைப் பார்த்து, அதுதான் முறை என்று எண்ணி, தானும் ஒழுங்காக ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் அடுக்கியிருந்தார். பருப்பிலிருந்து ஒரு பத்து, சாம்பாரிலிருந்து ஒரு எட்டு, கிழங்கிலிருந்து எண்ண முடியாது. லின்னின் பணிசைப் பிய்த்தார், அதற்குள்ளும் மிளகாயோடு நாலு இலை.

ஹெலன் ஒரு இலையைத் தண்ணீரில் கழுவினார். உள்ளங்கையில் வைத்து விரித்துப் பார்த்தார். மேசை ஓரத்தில் நான் கட்டாமல் விட்ட அட்டைகள் கிடந்தன. மேலே கிடந்த அட்டையை எடுத்து, நான் பெரிதாகப் போட்டிருந்த படத்துக்குப் பக்கத்தில் அந்த இலையை வைத்தார். அளவும் சரியாக இருந்தது.

ஒருவரும் மெல்லவில்லை.

"இந்தப் பொசம் நன்றாகச் சமைக்கிறது" என்றார் ஹெலன்.

முதலில் வாய் திறந்தது லின். விடிய நாலு மணிக்கு வேலை தொடங்க வந்தபோது, எங்களுடைய சாப்பாட்டோடு சேரட்டும் என்று பணிசுக்கு எடுத்தாராம், கொஞ்சம்தான், எங்கள் பக்கத்துத் தொட்டிகளில். பிறகு செந்தில்: "நான் ஆறரை மணிக்கு வந்தேன் மேடம், ரெண்டு கொத்துதான், பேக்கரி பக்கம்." பரமேஸ் அண்ணை முதல் நாள் மாலையே, கடைசி மாணவனை இறக்கிவிட்டு வந்து, மனைவி சொன்னபடி நாலைந்து தொட்டிகளில் எடுத்திருந்தார், அதிகமும் என் வாசலில். என் வாசலில் என்று சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கொஞ்சம்தான் எடுத்தோம். எல்லோரும் ஒரே மரத்தை வதைக்காமல் பல மரங்களில் எடுத்தோம். யாரும் தன் வாசலில் எடுக்கவில்லை.

கடைசியாக நான் ஒப்புக்கொண்டேன். வதனி கரண்டியோடு நின்றபடி என்னைப் பார்த்தாள். "காரில கிடக்குது எண்டியள்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தைக் கண் சொன்னது.

ஹெலன் மிச்ச வடைகளைக் கட்டிக்கொண்டு போனார். போகும்போது சிரித்தாரா, சிரிப்பை அடக்கினாரா என்று எங்களுக்குள் இன்றும் தகராறு உண்டு.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. கடையில் நின்று உடைத்தேன். வதனி தையல் மெசினில் இருந்தாள். நான் எதிர்பார்த்தது திட்டு. வந்தது பாராட்டு. மற்றத் தெருக்களில் தொட்டிகள் அலங்காரத்துக்கு நிற்கின்றன, உங்கள் தெருவில்தான் மக்கள் அவற்றை உண்மையில் பயன்படுத்துகிறார்கள், கூடிச் சமைக்கிறார்கள், கூடிச் சாப்பிடுகிறார்கள் என்று ஹெலன் ஒரு பக்கம் எழுதியிருந்தார். எனக்குக் கண் கலங்கியது. மற்றப் பக்கத்தைத் திருப்பினேன். இவ்வளவு ஒற்றுமையாகத் தானாகவே இயங்கும் ஒரு தெருவுக்கு இணைப்பாளர் தேவைப்படாது என்றும், அந்த ஆளை வேறு தெருவுக்கு அனுப்புவதாகவும், அதற்குப் பதிலாக எங்களுக்கு இன்னும் பன்னிரண்டு தொட்டிகள் தருவதாகவும் இருந்தது. தற்போதைய செயலாளர் தொடர்ந்து சேவையாற்றுவார் என்று நம்புவதாகக் கடைசி வரி.

வதனி கடிதத்தை வாங்கி வாசித்தாள். மடித்தாள். மெசினை நிறுத்தினாள்.

"அடுத்த கூட்டம் எப்ப?" என்று கேட்டாள்.

"வாற சனிக்கிழமை."

"நான் வாறன்."

அந்தச் சனிக்கிழமை கடைக் கதவில் "பத்து நிமிடத்தில் வருவேன்" என்ற அட்டையைக் கொழுவிவிட்டு, கழுத்தில் அளவு நாடாவோடு அவள் வகுப்பறைக்குள் வந்தாள். இருக்கச் சொன்னார்கள். இருக்கவில்லை.

"என்ர மனுசன் இனி வரமாட்டார்" என்றாள். "ஒரு வருசமா நான் தனிய நிண்டனான். நீங்கள் மூண்டு கூட்டம் வைச்சு வாங்கு எங்கை போடுறதெண்டு கதைச்சியள். பஸ் நிக்கிற இடத்தில போட்டால் முடிஞ்சுது. செடிக்கு ஆளாளுக்குத் தண்ணி ஊத்திக் கொண்டியள், முறை போட்டிருந்தால் முடிஞ்சுது. கறிவேப்பிலை வேணுமெண்டால் கிழமையில ஒரு நாள் எல்லாருமாச் சேந்து வெட்டிப் பிரிச்சால் முடிஞ்சுது. இதுக்கு ஏன் என்ர சனிக்கிழமையை எடுத்தியள்?"

நான் அவளைப் பார்த்தேன். பதினெட்டு வருடமாக என் மனைவி, இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் நான் நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தங்கச்சி சொல்லுறது முழுக்கச் சரி" என்றார் பரமேஸ் அண்ணை மெதுவாக.

"அக்கா, பேசாம நீங்களே செயலாளரா வந்துடுங்களேன்" என்றார் செந்தில். லின் கை தட்டினார்.

வதனி யோசித்தாள். நான் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன், அவளுக்குத் தெரியட்டும் என்று நன்றாகவே ஆட்டினேன்.

"இது இருந்துகொண்டு செய்யிற வேலையோ?" என்று கேட்டாள்.

"ஓம் தங்கச்சி, எல்லாம் இருந்துகொண்டுதான்."

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். முழங்காலை நீட்டிக்கொண்டாள். "அப்ப சரி" என்றாள்.

இன்று எங்கள் தெருவில் இருபத்துநாலு தொட்டிகள், ஒன்றும் மொட்டை இல்லை. புதன்கிழமை வெட்டிப் பிரிக்கிறார்கள். கூட்டம் அரை மணித்தியாலத்தில் முடிகிறது. நான் கேட்ட விடுதலை எனக்குக் கிடைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் அவள் கூட்டமும் தெரு வேலையுமாகப் போய்விட, நான் கடையில் தனியே நிற்கிறேன். எனக்கு அளவெடுக்க வராது, ஊக்குக் குத்த வராது. வருகிறவர்கள், "அக்கா இல்லையோ?" என்று கேட்டுவிட்டு அவள் வரும்வரை நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணிக்கு அவள் வருவாள். "சாப்பிட்டியளோ?" என்பாள். "எங்கை நேரம்" என்பேன். "ம்" என்பாள். வாயில் குண்டூசி இல்லாமலே.

வீட்டில் என் பெயர் பொசம். மகள் அபி போனில் என் நம்பரை அந்தப் பெயரில்தான் போட்டு வைத்திருக்கிறாள். விருந்து வீடுகளில் யாராவது கறிவேப்பிலையை ஓரத்தில் ஒதுக்கினால் வதனி கதையைத் தொடங்குவாள். நார்த்மீடில் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரே பின்னேரத்தில் இரண்டுதரம் சொன்னாள். அவள் சொல்லும் கதையில் பரமேஸ் அண்ணை இல்லை, செந்தில் இல்லை, லின் இல்லை. பன்னிரண்டு மரத்தையும் நான் ஒருத்தன் தனியே நின்று மொட்டையடித்ததாகத்தான் சொல்வாள். முதல்முறை கேட்டபோது திருத்த வாய் திறந்தேன். பிறகு, அந்த ஆறிப்போன தேத்தண்ணியை நினைத்து மூடிக்கொண்டேன். இப்போதெல்லாம் யாராவது என்னைப் பார்த்து, "உண்மையாவோ, பன்னிரண்டையும் நீங்களோ?" என்று கேட்டால், "ஓம், நான்தான்" என்று சொல்லிவிடுகிறேன்.